வேலையைப் பாதியில் விட்டுச் சென்ற ஒப்பந்தக்காரர்: சட்டப்படி என்ன செய்ய இயலும்?

கேள்வி: பாதிவீடு

எங்கள் வீட்டின் சமையலறையையும் இரண்டு குளியலறைகளையும் இடித்துப் புதுப்பிப்பதற்காக ஓர் ஒப்பந்தக்காரருடன் எழுத்து வடிவில் ஒப்பந்தம் செய்திருந்தோம். மொத்தத் தொகை, வேலைப் பட்டியல், பன்னிரண்டு வாரக் கெடு, ஐந்து தவணைகள் ஆகிய அனைத்தும் அதில் உள்ளன. அவர் இடையில் வராமல் நின்றுவிட்டால் என்ன என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை.

இதுவரை ஒப்பந்தத் தொகையில் எழுபது விழுக்காட்டைக் கொடுத்துவிட்டோம். சாமான் வாங்க வேண்டும், ஆட்களுக்குக் கூலி நிற்கிறது என்று அவர் கேட்டபோதெல்லாம், வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாராமல் தவணையை முன்கூட்டியே கொடுத்தது எங்கள் தவறுதான். என் கணக்குப்படி வேலை பாதிகூட முடியவில்லை. சுவர்களைக் கொத்திக் குழாய் பதித்திருக்கிறார்கள்; ஒரு குளியலறையில் மட்டும் தரை டைல்ஸ் ஒட்டப்பட்டுள்ளது; சமையலறையில் மின்கம்பிகள் வெளியே தொங்குகின்றன. கடந்த ஐந்து வாரங்களாக ஒருவரும் வரவில்லை. முதல் இரண்டு வாரங்கள் ‘நாளை வருகிறோம்’ என்று குறுஞ்செய்தி வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. இதற்கிடையில் அவரிடம் வேலை பார்த்த எலக்ட்ரீஷியன் ஒருவர் தம் கூலி பாக்கியை எங்களிடம் கேட்டு வருகிறார். ஒப்பந்தக்காரரின் கருவிகளும் பிரிக்கப்படாத சில டைல்ஸ் பெட்டிகளும் எங்கள் வீட்டிலேயே கிடக்கின்றன.

வேறொருவரை வைத்து வேலையை முடித்துக்கொள்ளலாமா, அப்படிச் செய்தால் நாங்கள்தான் ஒப்பந்தத்தை முறித்தோம் என்று அவர் திருப்பிவிட வாய்ப்புண்டா? கொடுத்த பணத்தில் எவ்வளவைத் திரும்பப் பெற இயலும்? காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது பயன் தருமா? அனுபவமும் சட்ட அறிவும் உள்ளவர்கள் வழி காட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: வழக்குரை

கட்டுமான ஒப்பந்த வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் என்ற முறையில் எழுதுகிறேன். சட்டப் பிரிவுகள் நாட்டுக்கு நாடு மாறும்; ஆயினும் ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் அடிப்படைக் கோட்பாடுகள் பெரும்பாலும் ஒன்றே.

முதலில் ஓர் எச்சரிக்கை. ‘இனி நீங்கள் வரவே வேண்டாம்’ என்று கோபத்தில் ஒரு செய்தி அனுப்பியிருந்தால் அல்லது அனுப்ப நினைத்திருந்தால், தயவுசெய்து அதை என்னிடம் மறைக்க வேண்டாம். இத்தகைய வழக்குகளில் எதிர்த்தரப்பு முதலில் தேடுவது அந்த ஒரு வரியைத்தான். வேலை தாமதமாவது வேறு, வேலையைக் கைவிடுவது வேறு. தாமதத்துக்கு இழப்பீடு கேட்கலாம், ஆனால் தாமதம் என்ற ஒன்றை மட்டும் வைத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் உரிமை எல்லா வேளையிலும் வந்துவிடாது. ஒப்பந்தத்தில் காலம் முக்கிய நிபந்தனையாக வைக்கப்பட்டிருந்தால்தான் கெடு தாண்டியவுடனேயே அந்த உரிமை பிறக்கும். அவ்வாறு இல்லையெனில், நியாயமான ஒரு கால அவகாசம் கொடுத்து எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பி, அதற்குள்ளும் அவர் வேலையைத் தொடங்கவில்லை என்று காட்ட வேண்டும். ஐந்து வாரம் வராததும் செய்திகளுக்குப் பதில் தராததும் கைவிட்டதற்கு நல்ல சான்றுகள்தாம் எனினும், அவரது மௌனத்தைச் சட்டத்தின் கண்ணில் மறுப்பாக மாற்றித் தருவது இந்த அறிவிப்பே.

அறிவிப்பில் ஆவேசம் வேண்டாம். ஒப்பந்தத்தின் தேதி, கொடுத்த தொகைகள் தேதிவாரியாக, வேலை நின்ற நாள், முடியாமல் கிடக்கும் வேலைகள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பத்து அல்லது பதினான்கு நாள்களுக்குள் ஆட்களுடன் வந்து வேலையைத் தொடங்க வேண்டும் என்றும், தவறினால் ஒப்பந்தம் முடிவுக்கு வந்ததாகக் கொண்டு வேறொருவரைக் கொண்டு முடித்துக்கொண்டு கூடுதல் செலவை அவரிடமிருந்து வசூலிப்பீர்கள் என்றும் எழுதுங்கள். ஒப்புகை அட்டையுடன் பதிவு அஞ்சலிலும், மின்னஞ்சலிலும், இதுவரை நீங்கள் பேசிவந்த குறுஞ்செய்தி எண்ணுக்கும் சேர்த்தே அனுப்புங்கள். உறையை வாங்க மறுத்துத் திருப்பினாலும் அதைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள். கெடு முடிந்த மறுநாள், ஒப்பந்தம் முடிந்தது என்ற இரண்டாவது கடிதம் செல்ல வேண்டும். பலர் முதல் கடிதத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புக்கு அனுப்ப வேண்டும் என்ற பிரிவு இருந்தால் நேரே நீதிமன்றம் செல்வதில் சிக்கல் வரலாம் என்பதால், அந்த ஒப்பந்தத்தை இன்னொரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

பாதியில் விட்டுப்போனவர் அதுவரை செய்த வேலைக்குக் கூலி கேட்க முடியுமா என்பதற்கு 1898ஆம் ஆண்டின் சம்ப்டர் எதிர் ஹெட்ஜஸ் வழக்கு இன்றைக்கும் நல்ல விளக்கம். இரண்டு வீடுகளையும் குதிரை லாயங்களையும் 565 பவுண்டுக்குக் கட்டித் தர ஒப்புக்கொண்ட ஒருவர், சுமார் 333 பவுண்டு மதிப்புள்ள வேலையை முடித்த நிலையில், கையில் பணமில்லை என்று விட்டுவிட்டார். நிலத்துக்காரர் மீதியைத் தாமே முடித்துக்கொண்டார். ஒட்டுமொத்தத் தொகைக்குப் பேசிய வேலையைக் கைவிட்டவர், செய்தவரையில் கூலி என்று கேட்க இயலாது என்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. பாதிக் கட்டடம் தன் நிலத்தில் நிற்கும்போது நிலத்துக்காரருக்கு அதை ஏற்பதைத் தவிர வேறு வழியில்லை, எனவே அதை அவர் விரும்பி ஏற்றதாகக் கொள்ள முடியாது என்பதே காரணம். ஆனால் அவர் விட்டுச் சென்ற, கட்டடத்தில் சேராத சாமான்களை எடுத்துப் பயன்படுத்தியதற்கு மட்டும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. உங்கள் வீட்டில் கிடக்கும் டைல்ஸ் பெட்டிகளை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கொடுத்ததற்கான ரசீது இருந்தால் ஒன்று. இல்லையெனில், தொடாமல் பட்டியலிட்டு, எடுத்துக்கொள்ளும்படி அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். கருவிகளை விற்பதோ, பாக்கிக்கு ஈடாகப் பிடித்து வைப்பதோ கூடாது.

எலக்ட்ரீஷியனுக்கும் உங்களுக்கும் இடையே ஒப்பந்தம் இல்லை. பொதுவாக அவர் தம்மை வேலைக்கு வைத்தவரிடம்தான் கேட்க வேண்டும். எனினும் அமெரிக்க மாநிலங்களில் இருப்பதுபோல, கூலி கிடைக்காத துணை ஒப்பந்தக்காரரும் சாமான் கொடுத்தவரும் வீட்டின் மீதே உரிமைக் கோரிக்கை பதிவு செய்யச் சட்டம் இடம் தரும் நாடுகளும் உண்டு. அங்கே ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கொடுக்க நேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவருக்கு எதையும் வாக்குறுதியாகச் சொல்ல வேண்டாம். அவர் வேலை பார்த்த நாள்களையும் தொகையையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேலை நின்ற தேதிக்கு அவரே உங்கள் சாட்சியாக அமையக்கூடும்.

மறுமொழி 2: அளவுநாடா

நான் கட்டடப் பொறியாளர். மேலே உள்ளவர் சட்டத்தைச் சொல்லிவிட்டார். சட்டம் நிற்பதற்கு அளவு வேண்டும் என்பதால் அந்தப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

புதிய கொத்தனார் ஒரு செங்கல்லைத் தொடுவதற்கு முன்பே, இந்த வேலையில் தொடர்பில்லாத ஒரு பொறியாளரையோ மதிப்பீட்டாளரையோ அழைத்து, வேலைப் பட்டியலை வரிவரியாக வைத்துக்கொண்டு எது முடிந்தது, எது பாதி, எது தவறாகச் செய்யப்பட்டது என்று எழுத்து அறிக்கை வாங்குங்கள். படங்கள் எடுக்கும்போது அளவுநாடா தெரியும்படி எடுங்கள். அறையின் நான்கு மூலைகளிலிருந்தும் எடுத்து, பிறகு குறைகளை நெருங்கி எடுங்கள். பதிந்த குழாய்களுக்கு அழுத்தச் சோதனையும், குளியலறைத் தரைக்குத் தண்ணீர் தேக்கிப் பார்க்கும் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். ஏனெனில் மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டால் உள்ளே வாட்டர்புரூஃபிங் செய்தாரா என்பது யாருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்துக் கீழ்த்தளத்தில் ஈரம் கசியும்போது, அது பழையவர் தவறா புதியவர் தவறா என்று இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டு நிற்பார்கள். இந்தக் கைகாட்டலைப் பல வீடுகளில் நான் பார்த்திருக்கிறேன்.

தொங்கும் மின்கம்பிகளுக்கு மட்டும் அறிவிப்புக் கெடு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். படம் எடுத்துவிட்டு உடனே பாதுகாப்பாகத் துண்டித்து மூடச் செய்யுங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். இழப்பு பெருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய கடமை உங்களுக்கும் உண்டு.

இனிக் கணக்கு. இதில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். கொடுத்த எழுபதையும் திருப்பிக் கேட்கிறார்கள் அல்லது புதியவருக்குக் கொடுக்கும் முழுத் தொகையையும் கேட்கிறார்கள். ஒப்பந்தம் ஒழுங்காக நடந்திருந்தால் நீங்கள் எந்த நிலையில் இருந்திருப்பீர்களோ அந்த நிலைக்கு உங்களைக் கொண்டுவருவதே இழப்பீடு. ஒப்பந்தத் தொகை நூறு என்று வைத்துக்கொள்வோம். எழுபது கொடுத்துவிட்டீர்கள். மீதி வேலையை முடிக்கவும் தவறாகச் செய்ததைச் சரிசெய்யவும் புதியவர் ஐம்பத்தைந்து கேட்கிறார். மொத்தம் நூற்று இருபத்தைந்து ஆகிறது. வேலை ஒழுங்காக முடிந்திருந்தாலும் நூறு கொடுத்துத்தான் இருப்பீர்கள். ஆகவே உங்கள் இழப்பு இருபத்தைந்து. அதோடு மதிப்பீட்டாளர் கட்டணம், வெளியே தங்க நேர்ந்திருந்தால் வாடகை ஆகியவற்றைத் தனித்தனியாகச் சேர்க்கலாம். இதே கணக்கில் நீங்கள் நாற்பது மட்டுமே கொடுத்திருந்தால், முடிப்பதற்கு ஐம்பத்தைந்து ஆனாலும் மொத்தம் தொண்ணூற்றைந்துதான். வேலைச் செலவு என்ற வகையில் உங்களுக்கு இழப்பே இருந்திருக்காது. முன்கூட்டித் தவணை கொடுப்பதன் விலை என்ன என்பது இந்த இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்தால் தெரியும்.

மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்குங்கள், ஆனால் பழைய ஒப்பந்தத்தில் இருந்த அதே தரத்துக்கு வாங்குங்கள். வந்ததுதான் வந்தது, கிரானைட்டை மாற்றிவிடலாம் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். மாற்றிக்கொள்ளலாம், அதற்கான கூடுதல் தொகை தனிச் சீட்டில் இருக்கட்டும்.

பாதிவீடு:

இருவருக்கும் நன்றி. ‘வர வேண்டாம்’ என்று நான் எங்கும் எழுதவில்லை என்பதைச் சரிபார்த்துவிட்டேன். நேற்று இரவு எதிர்பாராத விதமாக ஒப்பந்தக்காரரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. சாமான் விலை ஏறிவிட்டதால் ஒப்பந்தத் தொகையில் இன்னும் பதினைந்து விழுக்காடு கொடுத்தால் திங்கட்கிழமையே ஆட்களை அனுப்புவதாகச் சொல்கிறார். வீட்டில் உள்ளவர்கள் கொடுத்து முடித்துவிடலாம் என்கிறார்கள்.

வழக்குரை:

அந்தச் செய்தியை அழியாமல் பாதுகாத்து வையுங்கள். நிலையான தொகைக்குப் பேசிய ஒப்பந்தத்தில், விலையேற்றத்துக்கு இடம் தரும் பிரிவு இல்லாதபோது, சாமான் விலை ஏறுவது அவர் சுமக்க வேண்டிய இடர். ஒப்புக்கொள்ளாத கூடுதல் தொகையைக் கொடுத்தால்தான் வேலை என்பது, ஒப்பந்தப்படி செய்ய மாட்டேன் என்பதற்குச் சமம். இதுவரை அவர் மௌனம் காத்தார், இப்போது எழுத்திலேயே சொல்லிவிட்டார்.

அவரையே வைத்து முடிப்பது லாபமாக இருக்கவும் கூடும். அதை நான் மறுக்கவில்லை. கூடுதல் பதினைந்து கொடுத்து உண்மையிலேயே முடித்துக் கொடுத்தால், மேலே சொன்ன கணக்கின் இருபத்தைந்தைவிட அது குறைவுதான். ஆனால் எழுபதை வாங்கிக்கொண்டு பாதியைச் செய்தவர் எண்பத்தைந்தை வாங்கிக்கொண்டு எவ்வளவு செய்வார் என்பதை நீங்கள்தான் எடைபோட வேண்டும். உடன்படுவதானால் கையில் பணம் கொடுக்காதீர்கள். சாமானுக்கான தொகையைக் கடைக்கு நேரடியாகச் செலுத்துவது, கூலியை முடிந்த வேலைக்கு வாரந்தோறும் கொடுப்பது, புதிய முடிவுத் தேதி, இதுவரையிலான தாமதத்துக்குரிய உங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்ற வரி ஆகியவற்றுடன், பழைய ஒப்பந்தத்தோடு சேரும் துணை ஒப்பந்தம் ஒன்றை எழுதிக் கையொப்பம் பெற்ற பிறகே செய்யுங்கள். அவர் கையொப்பமிட மறுத்தால் உங்களுக்குரிய விடை அதிலேயே கிடைத்துவிடும்.

மறுமொழி 3: பட்டறிவு

எனக்கு இதே நிலை சில ஆண்டுகளுக்கு முன் ஏற்பட்டது. நான் செய்த தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

முதல் வேலையாகக் காவல் நிலையம் சென்றேன். இது சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பினார்கள். அன்று ஆத்திரமாக இருந்தது, பின்னர்தான் புரிந்தது. வாக்குத் தவறுவது எல்லாம் மோசடி ஆகாது, பணம் வாங்கிய அந்த நேரத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். இந்திய உச்ச நீதிமன்றமும் 2000ஆம் ஆண்டில் ஒரு தீர்ப்பில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது என்று என் வழக்கறிஞர் காட்டினார். போலி உரிம எண், இல்லாத முகவரி, ஒரே வாரத்தில் பலரிடம் முன்பணம் வாங்கி மறைந்தது போன்றவை இருந்தால் புகாருக்கு வலு உண்டு. என் ஒப்பந்தக்காரரிடம் அப்படி எதுவும் இல்லை. மூன்று மாதம் வீணானதுதான் மிச்சம்.

அடுத்து வழக்குத் தொடுத்து வென்றேன். எனக்குச் சாதகமான தீர்ப்பு கையில் இருந்தது, பணம் வரவில்லை. ஒப்பந்தம் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருந்தது. அந்த நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் ஒன்றுமே இல்லை. அவருடைய வண்டியும் வீடும் வேறு பெயர்களில் இருந்தன. ஆகவே வழக்குச் செலவு செய்வதற்கு முன், தீர்ப்பு வந்தால் யாரிடமிருந்து, எதிலிருந்து வசூலாகும் என்பதை விசாரியுங்கள். உங்கள் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டிருப்பது தனிமனிதரா நிறுவனமா என்பதை இன்றே எடுத்துப் பாருங்கள். பாதிவீடு அவர்களே, தவணைகளை எப்படிச் செலுத்தினீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லையே?

பாதிவீடு:

மூன்று தவணைகள் வங்கிப் பரிமாற்றம். ஒன்று கடன் அட்டையில் செலுத்தியது. அட்டையில் செலுத்தியது சிறிய தொகைதான். ஒப்பந்தம் அவர் சொந்தப் பெயரிலேயே இருக்கிறது.

வழக்குரை:

சொந்தப் பெயரில் இருப்பது நல்லது. பட்டறிவு அவர்கள் சொன்னது மிகவும் சரி. ‘யார் கொடுக்க முடியும்’ என்ற கேள்வியை வழக்குக்கு முன்பே கேட்க வேண்டும். அந்தச் சிறிய தொகையையும் அலட்சியம் செய்ய வேண்டாம். பிரிட்டனில் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான விலைகொண்ட ஒன்றுக்கு ஒரு பகுதியை மட்டும் கடன் அட்டையில் செலுத்தியிருந்தாலும், ஒப்பந்த மீறலுக்கு அட்டை நிறுவனமும் சேர்ந்தே பொறுப்பாகும். இத்தகைய சட்டம் இல்லாத இடங்களிலும், பெறாத சேவைக்கான கட்டணத்தை எதிர்க்கும் வழியை அட்டை நிறுவனங்கள் வைத்திருக்கின்றன; அதற்கான கெடு குறுகியது என்பதால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

ஒப்பந்தக்காரர்களுக்கு உரிமம் கட்டாயமாக உள்ள இடங்களில் உரிம வாரியத்துக்குப் புகார் அனுப்புவது வழக்கைவிட விரைவாகப் பேச்சுவார்த்தைக்கு அழைத்துவரும். எடுத்துக்காட்டாக, கலிஃபோர்னியாவில் தகுந்த காரணமின்றி வேலையைக் கைவிடுவதே உரிமத்தின் மீது நடவடிக்கை எடுக்கப் போதுமானது. அங்கு உரிமம் பெறுபவர், தாம் தவறினால் இழப்பீடு தருவதாக ஒரு நிறுவனம் அளிக்கும் பிணைப் பத்திரமும் வைத்திருக்க வேண்டும் என்பதால், அந்தப் பிணை நிறுவனத்திடம் இழப்பீடு கேட்கும் வழியும் திறக்கிறது. நுகர்வோர் ஆணையங்கள் உள்ள நாடுகளில் அவை இன்னொரு வழி. இந்தியாவில் வீடு கட்டித் தருவது சட்டப்படி ஒரு சேவையாகவே கருதப்படுகிறது.

எந்த வழியானாலும் காலவரம்பு உண்டு. இந்தியாவில் ஒப்பந்த மீறலுக்கான சிவில் வழக்குக்கு மூன்று ஆண்டு, நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு. இங்கிலாந்தில் சாதாரண ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டு. பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக இந்தக் கடிகாரம் பொதுவாக நிற்பதில்லை.

இழப்பீட்டுக் கணக்கைப் பற்றி அளவுநாடா அவர்கள் எழுதியதற்குச் சட்ட ஆதாரம் கேட்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆவது பிரிவில் தரப்பட்டுள்ள விளக்கங்களுள் ஒன்று ஏறக்குறைய உங்கள் கதைதான்: வீட்டைக் குறிப்பிட்ட விதத்தில் பழுதுபார்க்க முன்பணம் வாங்கியவர் ஒப்பந்தப்படி செய்யாவிடில், அதை ஒப்பந்தத்துக்கு இணங்கச் செய்ய ஆகும் செலவை வீட்டுக்காரர் பெறலாம். மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 74ஆவது பிரிவும் இந்த 73ஆவது பிரிவின் வழி வந்ததே.

பாதிவீடு:

அவருக்குத் துணை ஒப்பந்த வரைவை அனுப்பினேன். மூன்று நாள் ஆகியும் பதில் இல்லை. அறிவிப்பு இன்று காலை பதிவு அஞ்சலில் சென்றுவிட்டது, பதினான்கு நாள் கெடு கொடுத்துள்ளேன். மின்கம்பிகளை மூடச் செய்துவிட்டோம். மதிப்பீட்டாளர் சனிக்கிழமை வருகிறார். கடைசியாக ஓர் ஐயம்: வீட்டின் பின்கதவுச் சாவி ஒன்று இன்னும் ஒப்பந்தக்காரரிடம் இருக்கிறது. பூட்டை மாற்றலாமா?

வழக்குரை:

கெடு முடியும்வரை அவர் வேலைக்கு வர உரிமை உள்ளவர் என்பதால், அவரைத் தடுத்ததாகத் தோன்றக்கூடாது. பூட்டை மாற்றுங்கள், மாற்றிய அன்றே, பாதுகாப்புக்காக மாற்றியுள்ளதாகவும், வேலை நாள்களில் எந்த நேரத்தில் வந்தாலும் கதவைத் திறந்துவிட ஆள் இருப்பார் என்றும் அவருக்கு எழுதுங்கள். அந்த ஆள் உண்மையிலேயே வீட்டில் இருக்க வேண்டும். கருவிகளை எடுக்க அவர் வந்தால், பட்டியலில் கையொப்பம் வாங்கிக்கொண்டு கொடுத்தனுப்புங்கள்.

அளவுநாடா:

சனிக்கிழமை வரும் மதிப்பீட்டாளரிடம் அந்த டைல்ஸ் பெட்டிகளையும் எண்ணி எழுதச் சொல்லுங்கள். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் தொகுதி எண்ணையும் குறித்துக்கொள்ளட்டும். மீதி வேலைக்கு அதே நிறத்தில் டைல்ஸ் கிடைக்குமா, அல்லது ஒட்டியதையும் பெயர்க்க வேண்டி வருமா என்பது அந்த எண்ணைக்கொண்டுதான் தெரியும்.